நிறம் விழாத வரிகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி நிறுவனத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதை. அவன் உண்மையிலேயே எழுதிவிடுவான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான் எழுதிவிட்டேன். இப்போது அவர்களும் மாட்டிக்கொண்டார்கள், நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் என் தகுதி. கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு தளபாடக் கடைக்கு மேல்மாடியில் நம் அலுவலகம் இருந்த காலத்தில், மற்றவர்கள் செய்த மாற்றங்களைப் பார்த்து "சரி" என்ற பொத்தானை அழுத்துவதுதான் என் வேலை. நானே நிரல் எழுதுவதை அதற்கு வெகுநாள் முன்பே நிறுத்தியிருந்தேன். நிறுத்தியதை உலகம் நன்றியோடு ஏற்றுக்கொண்டது. வீட்டில் செங்கல் கனத்தில் நாவல்கள் படிப்பவன், அலுவலகத்தில் நிறங்களை மட்டும் படித்தேன். சிவப்பு என்றால் போனது, பச்சை என்றால் வந்தது. இந்த இரண்டு நிறங்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முழுச் சம்பளம் வாங்கலாம் என்பதை நீங்களும் சீக்கிரம் கண்டுகொள்வீர்கள்.

நிறங்களைத் தருவது டிஃப். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் கருவி. சாதாரணமாக அது வரிவரியாகக் காட்டும். ஒரு நீண்ட வரியில் யாரோ ஒரு காற்புள்ளியை எடுத்திருந்தால், வரி முழுவதும் சிவப்பில் செத்து, அதன் கீழே பச்சையில் மறுபிறவி எடுக்கும். எங்கே காற்புள்ளி போனது என்று நாம்தான் தேட வேண்டும். இது உழைப்பு. ஆகவே சொல்சொல்லாகக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது என்று அறிந்தபோது நான் அதைத் தழுவிக்கொண்டேன். மாறிய சொல்லுக்கு மட்டும் நிறம் விழும், மற்றதெல்லாம் கறுப்பில் சாதுவாக இருக்கும். கறுப்பைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் மூன்று சொற்களைப் படித்துவிட்டு பிளேன்ரீ குடிக்கப் போகலாம்.

அந்த வசதியின் மேல் எனக்கு முதல் சந்தேகத்தை ஊட்டியவள் ரிஸ்னா. கெலிஓயாக்காரி, எங்கள் குழுவில் நிரல் எழுதியவள். அவளுடைய தந்தைக்கு அங்கே புடவைக்கடை. ஒருமுறை நாங்கள் அனுப்பும் அறிவித்தல் ஒன்றை அவள் அடியோடு மாற்றி எழுதினாள். பழையதில் இருந்த ஒரு வாக்கியம்கூடப் புதியதில் இல்லை. ஆனால் சொல்லளவில் ஒப்பிடும் கருவிக்கு வாக்கியம் என்றால் என்னவென்று தெரியாது. இரண்டிலும் இருந்த "உங்கள்", "நாளை", "வேன்" என்பவற்றைத் தேடிப் பிடித்து, "இவை மாறவில்லை" என்று பெருமையாகக் கறுப்பில் நிறுத்திவிட்டு, இடையில் சிவப்பையும் பச்சையையும் அள்ளித் தெளித்திருந்தது. அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நான் வெகுநேரம் முயன்றேன். ரிஸ்னா என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"வாப்பாட கடையில வெட்டுத்துண்டு கட்டு கட்டி விப்பாங்க சேர். அது மாதிரி ஈக்குது இது. துண்டெல்லாம் ஈக்குது, உடுப்புதான் இல்ல."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"கலரை மூடிட்டு, புதுச மொதல்ல இருந்து வாசிங்களேன்."

வாசிப்பது என்ற அந்தப் புதுமையான முறையை அன்று ஒருமுறை கையாண்டேன். மறுநாள் நிறங்களுக்குத் திரும்பினேன். நான் சொல்ல வந்த சங்கதி அதற்குப் பிறகு நடந்தது.

அப்போது நமக்கு ஒரு தொண்டு அமைப்பின் வேலை இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களைச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து டயலிசிஸ் செய்யக் கண்டிக்கு ஏற்றிவந்து திரும்பக் கொண்டுபோய் விடும் வேன்கள். புசல்லாவைப் பக்கம் ஒன்று, கெலிஓயாப் பக்கம் ஒன்று, தெல்தெனியப் பக்கம் ஒன்று. யாரை எத்தனை மணிக்கு எங்கே ஏற்றுவது என்பது ஒரு கோப்பில் இருக்கும். நம் நிரல் அதைப் படித்து, சாரதிக்கு ஒன்றும் நோயாளி வீட்டுக்கு ஒன்றுமாகக் குறுஞ்செய்திகளை அனுப்பும். செய்தி போகாதவர் வீட்டு வாசலுக்கு வேன் போகாது. வேன் போகாதவருக்கு அன்று இரத்தம் சுத்தமாகாது. அது ஒரு நாள் தவறினால் பொறுக்கக்கூடிய காரியமல்ல என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கோப்பின் அமைப்பை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு வேனுக்கும் ஒரு தலைப்பு. தலைப்போடு நேரங்கள். அதன் கீழே, சற்று உள்ளே தள்ளி, நோயாளிகளின் பெயர்கள், வேன் இறங்கிவரும் வழியின் வரிசையில். இடதுபக்கத்து வெற்றிடம்தான் சட்டம். ஓரளவு உள்ளே தள்ளியிருந்தால் அவர் வேனில் ஏறுபவர். இடையில் "நிறுத்தம்" என்று ஒரு சொல் வந்து, அதன் கீழே இன்னும் உள்ளே தள்ளி ஒரு பெயர் இருந்தால் அவர் தற்போதைக்கு ஏறாதவர். மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம், வார்டில் படுத்திருக்கலாம்.

அல்லது இறந்திருக்கலாம். இதுதான் அங்கே மட்டும் இருந்த வழக்கம். வேன்களை நடத்திய பண்டார மாத்தயா, தெல்தெனியக்காரர், யாருடைய பெயரையும் அழிக்கவிட மாட்டார். இறந்தவர்களையும் நிறுத்தத்தின் கீழ்தான் போடச் சொல்வார். "அந்த வழியில் அது அவருடைய இடம்" என்பது அவருடைய வாதம். ஒரு நிரலாளனாக எனக்கு அது குப்பை சேர்ப்பது. மனிதனாக எதுவும் சொல்ல முடியவில்லை. மனிதனாகவும் சம்பளக்காரனாகவும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

புசல்லாவை வேனில் அப்படி நிறுத்தத்தின் கீழ் இருந்த பெயர் ராமையா. அவர் இறந்தது எங்களுக்குத் தெரிய முன்னமே அடுத்த செய்தி அவர் வீட்டுக்குப் போய்விட்டது: நாளை காலை வேன் வரும், தயாராக இருக்கவும். அவருடைய மனைவி அதற்குப் பதில் அனுப்பியிருந்தார். "அவர் இனி வரமாட்டார்." நம் நிரல் பதில்களைப் படிக்காது. பிறகு வேறு எதையோ தேடும்போது ரிஸ்னாதான் அதைக் கண்டாள். அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

இனிப் பெரஹெரா. கண்டியில் வேலை செய்யப்போகும் உங்களுக்கு ஆடி, ஆவணி என்று மாதங்கள் இல்லை; பெரஹெராவுக்கு முன், பெரஹெராவுக்குப் பின் என்று இரண்டு காலங்கள்தான். யானைகளும் மேளமுமாக ஊர்வலம் இரவில் போனாலும் வீதிகளைப் பகலிலேயே மூடத் தொடங்குவார்கள். காலையிலேயே சனம் பாய் போட்டு நடைபாதையைப் பிடித்துக்கொள்ளும். யானைகள் லொறியில் வந்து இறங்கும். ஒரு லொறியில் யானை நிற்கும்போது பின்னால் வரும் யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. ஆகவே பெரஹெரா நாட்களில் எங்கள் வேன்கள் எல்லாம் விடிந்தும் விடியாததுமாகப் புறப்பட்டு, வீதி மூடுமுன் நகரை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு நேரங்களை மாற்ற வேண்டும். மாற்றிய நேரம் முந்தைய நாள் மத்தியானத்துக்குள் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தோட்டங்களில், வேன் ஏறாத மேல் டிவிஷன்களில் இருப்பவர்கள் மெயின் ரோட்டுக்கு இறங்க முன்கூட்டியே த்ரீவீலர் பேசிவைக்க வேண்டுமல்லவா.

அந்த வருடம் நேரங்களை மாற்றியவன் குகன். யாழ்ப்பாணத்துப் பையன், பையன் என்றால் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போக விடுமுறை எடுத்திருந்தான். மத்தியான பஸ்ஸில் இருக்கை. பயணப்பை அவனுடைய மேசைக்குக் கீழே காலைமுதல் தயாராக இருந்தது. மாற்றத்தை எனக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணை, நேரங்கள் மட்டும்தான். மூண்டு வேனுக்கும் மாத்தியிருக்கிறன். பாத்திட்டு அமத்திவிடுங்கோ."

பார்த்தேன். சொல்லளவில்தான், வேறெப்படி? மூன்று தலைப்புகளிலும் பழைய நேரங்கள் சிவப்பில், புதிய நேரங்கள் பச்சையில். அழகாக இருந்தது. பொத்தானுக்குப் போகும் வழியில்தான் அந்தத் துண்டைக் கண்டேன். புசல்லாவைத் தலைப்புக்கு வெகு கீழே, சில வரிகள் தனியாக வெட்டிக் காட்டப்பட்டிருந்தன. எல்லாம் கறுப்பு. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

இந்த இடத்தில் நான் கூர்மையானவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு வந்தது சந்தேகமல்ல, எரிச்சல். சோம்பேறிக்குத் தேவையில்லாத வேலை கொடுத்தால் அவனுக்கு எவ்வளவு நுட்பமாகக் கோபம் வரும் என்பதை உழைப்பாளிகள் அறியமாட்டார்கள். படிக்க வேண்டியதை மட்டும் காட்டுவதற்காகவே அந்த வசதியை வைத்திருந்தேன். மாறாத வரிகளை எதற்கு என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது?

"இது என்ன குகன்?"

அவன் குனிந்து பார்த்தான். "அதிலை ஒண்டும் மாறேல்லை அண்ணை. நிறமே இல்லையே."

"மாறவில்லையென்றால் ஏன் காட்டுது?"

"சும்மா காட்டுது. சில நேரம் அப்பிடித்தான்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

தொலைபேசி அடித்தது. பண்டார மாத்தயா. அவர் என்னோடு தொலைபேசியில் ஒரே ஒரு சொல்தான் பேசுவார். "ஹரித?" சிங்களத்தில் சரியா என்று அர்த்தம். "தவ டிக்கக்" என்றேன், இன்னும் கொஞ்சம் என்று. வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, இங்கே நின்று கொஞ்சம் யோசியுங்கள். நான் நின்றேன், எனக்கு அது பிடிக்கவில்லை. பொத்தானை அழுத்தாமல் இருந்தால் மூன்று வேன்களின் செய்திகளும் நிற்கும். பழைய நேரத்துக்குக் காத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு வேன் வந்தால் வீதித் தடைக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அது எல்லோருக்கும் கெடுதி. அழுத்தினால் எல்லோருக்கும் நல்லது, அந்தக் கறுப்புத் துண்டுக்குள் ஏதோ ஒன்று இருந்தாலொழிய. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிந்த பெரிய இழப்பு. மறுபக்கம் கண்ணுக்கே தெரியாத ஒன்று. இப்படிப்பட்ட இடத்தில் அனுபவசாலிகள் பொத்தானை அழுத்திவிடுவார்கள். அனுபவம் என்பதே பெரும்பாலும் முன்பு அழுத்தியபோது ஒன்றும் ஆகவில்லை என்ற ஞாபகம்தான்.

"ரிஸ்னா, இஞ்ச கொஞ்சம் வாங்க" என்றேன்.

வந்து பார்த்தாள். அவளுக்கும் நிறம் தெரியவில்லை. ஆனால் அவள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"எழுத்த விடுங்க சேர். ஆளப் பாப்பம். பழைய ஃபைல குடுத்தா நாளைக்கு யாரு யாரு வேன்ல ஏறுறாங்கண்டு புரோகிராம் சொல்லும். புதுசக் குடுத்தாலும் சொல்லும். அனுப்பாம ரெண்டையும் ஓட விட்டுப் பாப்பம்."

"ஐயோ அக்கா, எனக்கு பஸ்" என்றான் குகன்.

"பஸ் எங்கயும் போகாது. வெளில பாருங்க, யானை நிக்குது."

உண்மைதான். கீழே வீதியில் ஒரு லொறி, அதற்குள் ஒரு யானை, அதற்குப் பின்னால் கட்டுகஸ்தோட்டை வரை வாகனங்கள். குகன் உட்கார்ந்தான்.

ஓட்டிப் பார்த்தார்கள். கெலிஓயா வேன், பழையதும் புதியதும் ஒன்று. தெல்தெனிய வேன், ஒன்று. புசல்லாவை வேனில் ஓர் ஆள் குறைவு.

லெட்சுமியம்மா.

வழியின் வரிசையில் ராமையாவுக்கு அடுத்த வீடு. அந்தக் கறுப்புத் துண்டின் நடுவில் இருந்த பெயர். குகன் பழைய கோப்பையும் புதியதையும் திறந்து, இரண்டு பெயர்களுக்கும் முன்னால் இருந்த இடைவெளியை விரலால் திரையில் தொட்டு அளந்தான். ராமையாவின் பெயர் எந்த அளவுக்கு உள்ளே தள்ளியிருந்ததோ அதே அளவுக்கு லெட்சுமியம்மாவின் பெயரும் இப்போது உள்ளே போயிருந்தது. நிறுத்தத்தின் கீழ்.

பிறகு விசாரித்து அறிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவிக்குள் இரண்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் வரிகளை ஒப்பிடுபவர். "இந்த வரி மாறியிருக்கிறது" என்று கண்டு, அந்த இடத்தை வெட்டி இரண்டாமவரிடம் கொடுக்கிறார். இரண்டாமவர் சொற்களை ஒப்பிடுபவர். வெற்றிடம் அவருக்குச் சொல் இல்லை. "சொல் எதுவும் மாறவில்லை" என்று நிறம் பூசாமல் விட்டுவிடுகிறார். இருவரும் தங்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. அரச அலுவலகங்களில் காரியமாக அலைந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

ஆனால் அன்று பிரச்சினை அதோடு முடியவில்லை. இடைவெளியைத் திருப்பிப் போட்டுவிட்டு அனுப்புவதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். ரிஸ்னா என்னைப் பார்த்தாள்.

"மாத்தயா சொல்லித்தான் மாத்தினதோ தெரியாதே சேர்."

குகனின் முகம் மாறியது. "நான் கைவைக்கேல்லை அக்கா, சத்தியமா. ஃபைல் திறக்கிற எடிட்டர் தானா ஒழுங்குபடுத்தியிருக்கும். மேல் வரியோடை சேத்து இழுத்திருக்கும்." பிறகு மெதுவாக, "காலமை அவர் ஃபோனிலை கனக்கச் சொன்னவர். நேரம்தான் சொன்னவர் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

அவன் திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆக இரண்டு வழிகள். தவறுதலாக உள்ளே போன பெயரென்றால், லெட்சுமியம்மா நாளை வாசலில் காத்திருந்து ஏமாறுவார். சரியாக உள்ளே போன பெயரென்றால், நாங்கள் அதை வெளியே எடுத்துவிட்டு, இழவு வீட்டுக்கு "தயாராக இருக்கவும்" என்று செய்தி அனுப்புவோம், இரண்டாவது தடவையாக. அதே வழியில், அடுத்த வீட்டுக்கு. என்ன மாறியது என்று கருவியைத் திட்டித் திட்டியாவது கண்டுபிடித்துவிடலாம். ஏன் மாறியது என்று எந்த நிறத்திலும் வராது.

பண்டார மாத்தயாவை அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. காலைமுதல் எங்களை விடாமல் துரத்தியவர், தேவைப்பட்ட நேரத்தில் எடுக்கவில்லை. கெலிஓயா வேன் சாரதியை அழைத்து எங்கே அவர் என்று கேட்டோம். மோட்டார் சைக்கிளில் கண்டிக்கு வந்துகொண்டிருக்கிறாராம். எங்கள் வாசலில் நின்ற அதே யானைக்குப் பின்னால் இருந்திருக்கலாம்.

மீதி இருந்தது லெட்சுமியம்மா வீட்டு எண். அதை அழுத்த என்னிடம் தொலைபேசி நீட்டப்பட்டது. பொறுப்பு என்பது இப்படித்தான் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு எங்கேயோ பார்ப்பார்கள், தொலைபேசி உங்கள் கையில் இருக்கும்.

ஒரு பெண் எடுத்தாள். மகள். புசல்லாவை டவுனில் ஒரு கடையில் வேலை செய்பவள் என்று பிறகு தெரிந்தது.

"யாருங்க?"

நான் மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவன். இழவு கேட்கும் முறை எனக்குத் தெரியும். இழவு நடந்ததா என்று கேட்கும் முறை தெரியாது.

"கண்டியிலிருந்து பேசுறேம்மா. வேன் விஷயமா... வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காங்களா?"

"நீங்க யாரு? லோன் கம்பெனியா?"

"இல்லம்மா, இல்ல. வேன். டயலிசிஸ் வேன். அம்மா... அம்மா எப்பிடி..."

"அம்மாவுக்கு என்னங்க?" குரல் கூர்மையானது.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவன் நான்தான் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? ரிஸ்னா தன் சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். குகன் பயணப்பையின் ஸிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"நேத்து இன்னைக்கு ஒடம்பு எப்பிடின்னு கேக்கத்தான்..." என்று இழுத்தேன்.

"நீங்க என்னமோ சுத்தி வளைக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இன்னைக்கு எனக்கு லீவு, வீட்லதான் இருக்கேன். இந்தாங்க, அவங்ககிட்டயே பேசுங்க."

அவங்ககிட்டயே. என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வுகள் இரண்டும் சேர்ந்து அந்தச் சொல் கொடுத்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. மற்ற இருவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஹலோ?" வயதான குரல். பின்னால் வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, நாளைக்கு வேன்ல வர்றீங்கதானே?"

"வராம? வேன் இல்லன்னு சொல்லப் போறீங்களா?"

"இல்லம்மா, வேன் வரும். கொஞ்சம் வெள்ளனவே வரும், பெரஹெராங்கிறதால. செய்தி வரும் பாருங்க. நான் சும்மா..."

வானொலியைக் குறைத்தார் போலும். பிறகு, மெல்லிய சந்தோஷத்தோடு, ஒரு பிள்ளையின் பொய்யைக் கண்டுபிடித்தவர் கேட்பதுபோல் கேட்டார்.

"என்ன தம்பி, நான் இருக்கேனா போயிட்டேனான்னு பாக்கத்தான் கூப்பிட்டீங்களா?"

என் வேலை என்ன என்று அதுவரை வீட்டிலும் வெளியிலும் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்ன பதில்களை யாரும் புரிந்துகொண்டதில்லை. அதை இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். இருமல் வந்து நின்று, திரும்பவும் சிரித்தார். "இருக்கேன். எழுதிக்குங்க. லெட்சுமி இருக்கா." பக்கத்தில் மகளிடம், "நான் இருக்கேனான்னு கேக்குறாங்கடி கண்டியில இருந்து" என்று சொல்வது கேட்டது. மகள் ஏதோ கோபமாகச் சொன்னாள். "விடுடி. ராமையா அண்ணன் வீட்டுக்கு இப்பிடி ஒருத்தரு கேட்டுட்டு அனுப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல" என்றார் லெட்சுமியம்மா. அது அவளுக்குச் சொன்னது. எங்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ரிஸ்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குகன் இடைவெளியைத் திருத்தினான். ரிஸ்னா மறுபடி ஓட்டினாள். மூன்று வேன்களிலும் ஆட்கள் சரியாக இருந்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். செய்திகள் போயின. உடனே தொலைபேசி. "ஹரித?" என்றார் பண்டார மாத்தயா, பின்னணியில் யானையின் சங்கிலிச் சத்தம்.

"ஹரி" என்றேன். லெட்சுமியம்மாவைப் பற்றி ஏதாவது மாற்றச் சொன்னாரா என்று கேட்டேன். எதற்கு மாற்ற வேண்டும், அவருக்கு என்ன என்று பதறினார். பெரஹெராவுக்கு நேரங்கள் மட்டும்தான் சொன்னேன் என்றார். அவர் ஒரே மூச்சில் அத்தனை சொற்கள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

குகன் அவனுடைய பஸ்ஸைத் தவறவிட்டான். அடுத்ததில் வவுனியா வரைக்கும் நின்றபடி போனதாகப் பிறகு சொன்னான். "கால் வீங்கிப்போச்சு அண்ணை. ஆனா அதைப் பாக்காமல் இருக்கையிலை இருந்து போயிருந்தா, பிறகு ஒருநாளும் நித்திரை வந்திராது." அதற்கு நான் ஏதாவது புத்திசாலித்தனமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவன் கொண்டுவந்த பனங்கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் புசல்லாவை வேன் வீதி மூடுமுன் வந்து, எல்லோரையும் இறக்கி, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. சாரதி அனுப்பிய செய்தியில் வேறு விசேஷம் இல்லை. நம் வேலை ஒழுங்காக நடந்தால் விசேஷம் எதுவும் இருக்காது. இதை வீட்டில் சொல்லிப் பெருமைப்பட முடியாது. பழகிக்கொள்ளுங்கள்.

அதன்பின் சில ஏற்பாடுகள் செய்தோம். இடைவெளி மாறினாலும் காட்டும்படி கருவியை வைத்தோம். அதைவிட, எழுத்தில் என்ன மாறியது என்று பார்ப்பதற்கு முன் யார் புதிதாக ஏறுகிறார், யார் விடுபடுகிறார் என்று நிரலே சொல்லும்படி ரிஸ்னா செய்துவைத்தாள். நீங்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள். யார் செய்தது என்று தெரியாமலே பயன்படுத்துவீர்கள், அதுவும் பழக்கம்தான். சொல்லளவு டிஃப்பை நான் கைவிடவில்லை. அது நல்ல கருவி, கேட்டதற்குப் பதில் சொல்லும். கேட்காததற்கும் அது பதில் சொல்லிவிட்டது என்று நாம்தான் எடுத்துக்கொள்கிறோம். நிறம் எதுவும் இல்லாத ஒரு துண்டு உங்கள் முன்னால் வந்து நின்றால், அது வழி தவறி வந்ததல்ல. முதலாவது உத்தியோகத்தர் எதையோ கண்டிருக்கிறார். எழுந்து போய் அவரிடம் கேளுங்கள்.

அடுத்த வருடம் பெரஹெராவுக்கு முந்தைய நாள் காலையில் என் தொலைபேசி அடித்தது.

"தம்பி, லெட்சுமி. இருக்கேன். வேன் வரட்டும்."

வைத்துவிட்டார். அதற்கடுத்த வருடமும் அழைத்தார். நம் நிரல் அதற்குள் எல்லாவற்றையும் தானே சரிபார்க்கக் கற்றுக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நான் ஓய்வு பெறும்போது அவருக்கு உங்கள் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டேன். பெரஹெரா வரப்போகிறது. முந்தைய நாள் காலை நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கும். எல்லோரும் வேறு எங்கேயாவது பார்ப்பீர்கள். யாராவது ஒருவர் எடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

மத்தியானம் வரை அடிக்காவிட்டால், நீங்கள் கூப்பிடுங்கள்.